கிராப் பல்சாரை வைத்து எக்ஸ் கதிர் கேமராவின் நேரத்தைச் சரிபார்ப்பது: முழுமையான வழிகாட்டி

விண்வெளியில் இருக்கும் எக்ஸ் கதிர் கேமரா, வந்து விழும் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஒரு நேரத்தைக் குறித்து அனுப்புகிறது. அந்த நேரம் எவ்வளவு சரி என்று தெரிய வெளியே நம்பகமான ஒரு கடிகாரம் வேண்டும். நண்டு நெபுலாவின் நடுவில் இருக்கும் கிராப் பல்சார்தான் அந்தக் கடிகாரம். பல்சார் என்பது வேகமாகச் சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒழுங்காகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன். நொடிக்கு சுமார் 29.6 துடிப்பு, எக்ஸ் கதிரில் நல்ல பிரகாசம், ரேடியோவில் தினமும் கண்காணிப்பு, மூன்றும் ஒன்றாக அமைந்த வேறு பல்சார் கிடைப்பது கஷ்டம்.

உதாரணத்துக்கு எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்கலத்தின் எபிக்-பிஎன் கேமராவை எடுத்துக்கொள்கிறேன். அதன் பழைய தரவுகள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன, பழகிப் பார்க்க வசதி. வேறு கேமராவானாலும் படிகளின் வரிசை இதேதான். இந்த வேலையில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கணக்கில் இல்லை, வரிசையில்தான். மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை ஆறாவதாகச் செய்துவிட்டு, வந்த 2 மில்லிநொடிப் பிழைக்கு விண்கலத்தின் மேல் பழி போடுவதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

1. எதை அளக்கப் போகிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"நேரத் துல்லியம்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயம் இருக்கிறது. அடுத்தடுத்து வரும் இரண்டு ஃபோட்டான்களை எவ்வளவு நெருக்கத்தில் பிரித்தறிய முடியும் என்பது நேரப் பிரிதிறன். கடிகாரம் ஓடும் வேகம் சரியா என்பது சார்புத் துல்லியம். அது காட்டும் மணி உலக நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்பது முழுத் துல்லியம். பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று 10 நிமிஷம் கூட்டி வைத்த சுவர்க் கடிகாரம் வீட்டில் இருக்குமே, அதன் வேகம் சரி, மணிதான் தப்பு. கேமராவிலும் இந்த இரண்டும் தனித்தனியாகக் கெடும், காரணங்களும் வேறு வேறு, அதனால் சோதனையும் தனித்தனியாக வேண்டும்.

எபிக்-பிஎன் கேமராவுக்கு 2012இல் வெளியான ஆய்வின்படி, சார்புத் துல்லியம் 10 கோடியில் 1 பங்கைவிட நன்றாக இருக்கிறது, முழுத் துல்லியம் சுமார் 48 மைக்ரோநொடி. இந்த இரண்டு எண்ணையும் எதிரே எழுதி ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் விடை 5 மில்லிநொடி தள்ளி வந்தால், தேட வேண்டிய இடம் உங்கள் நிரல்தான்.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது மூலத் தரவுத் தொகுப்பு. எக்ஸ்எம்எம் காரர்கள் ஓடிஎஃப் என்பார்கள். விண்கலக் கடிகாரத்தைத் தரை நேரத்தோடு இணைக்கும் கோப்பும், விண்கலத்தின் பாதைக் கோப்பும் அதிலேயே வரும். பாதைக் கோப்பில் இரண்டு வகை உண்டு: முன்கூட்டியே கணித்தது, பின்னால் அளந்து திருத்தியது. திருத்தியதைத்தான் எடுக்க வேண்டும். பாதை 1 கிலோமீட்டர் பிசகினால் நேரம் 3.3 மைக்ரோநொடி வரை பிசகும்.

இரண்டாவது, ஜோட்ரெல் பேங்க் ரேடியோ வானாய்வகம் மாதா மாதம் வெளியிடும் கிராப் துடிப்பு அட்டவணை. நீங்கள் எடுத்திருக்கும் தரவின் மாதத்துக்கான வரி மட்டும் போதாது, முந்தின மாதத்தையும் அடுத்த மாதத்தையும் சேர்த்து எடுங்கள். ஏன் என்று 7ஆம் படியில் தெரியும்.

மூன்றாவது, அந்த அட்டவணை எந்தக் கோள் நிலைக் கணக்கை வைத்து, பல்சாரின் எந்த இடத்தை வைத்து உருவானது என்ற விவரம். ஜோட்ரெல் பேங்க் அட்டவணை நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் டிஇ-200 கணக்கில் இருக்கிறது. இதை இப்போதே குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் 6ஆம் படியில் கைக்கு வந்ததைப் போட்டுவிடுவீர்கள்.

3. மோடையும் பல்சாரையும் பொருத்துங்கள்

மோடு என்பது கேமரா தன் சில்லைப் படித்தெடுக்கும் விதம், ஃபிரேம் என்பது ஒரு தடவை படித்தெடுப்பது. எபிக்-பிஎன் முழு ஃபிரேம் மோடில் ஒரு ஃபிரேமுக்கு 73.4 மில்லிநொடி பிடிக்கும். கிராப் அதற்குள் இரண்டு தடவை துடித்துவிடும், அதனால் அந்தத் தரவில் துடிப்பைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. சிறு ஜன்னல் மோடு 5.7 மில்லிநொடி. டைமிங் மோடு 0.03 மில்லிநொடி. பர்ஸ்ட் மோடு 7 மைக்ரோநொடி, ஆனால் அதில் கேமரா உண்மையில் ஃபோட்டானைப் பதிவு செய்வது மொத்த நேரத்தில் 3 சதவீதம் மட்டும்.

இந்த 3 சதவீதத்தைப் பார்த்ததும் புதியவர்கள் பதறிப்போய் டைமிங் மோடுத் தரவைத் தேடிப் போகிறார்கள். போகாதீர்கள். கிராப் அவ்வளவு பிரகாசமானது, டைமிங் மோடில் கேமராவின் தாங்குசக்தியைத் தாண்டிவிடும், நினைவகம் நிரம்பி இடையிடையே தரவு அறுந்துபோகும், ஃபோட்டான்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும். இதில் அதிகம் அடி வாங்குவது துடிப்பின் உச்சிதான், ஏனென்றால் அங்கேதான் கூட்டம் அதிகம். நீங்கள் அளக்கப்போவதும் அந்த உச்சியைத்தான்.

3 சதவீதம் போதுமா என்று ஒரு மனக்கணக்குப் போடலாம். கிராப்பின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முகடு வரும், முதல் முகட்டின் அகலம் சுமார் 1.5 மில்லிநொடி. துடிப்பில் சேர்ந்த ஃபோட்டான் 1 லட்சம் என்றால் அதன் வர்க்கமூலம் 316, அகலத்தை அதால் வகுத்த அளவுக்கு, ஆக முகட்டின் இடத்தை 5 மைக்ரோநொடிக்குள் பிடித்துவிடலாம். நமக்கு வேண்டியது அதுதான்.

டைமிங் மோடைச் சோதிக்க மங்கலான பல்சார் வேண்டும். 151 மில்லிநொடி கொண்ட பி1509-58, பெரிய மெகல்லன் மேகத்தில் இருக்கும் 50 மில்லிநொடி பி0540-69 இரண்டும் பழகிய ஆட்கள். ஆனால் இவற்றின் முகடு கிராப் போலக் கூர்மையாக இருக்காது, அதனால் முழுத் துல்லியத்துக்குக் கிராப்புக்கே திரும்பி வருவோம்.

ஒரு எச்சரிக்கை. பல்சார் திடீரென்று ஒரு நாள் வேகம் கூடிவிடும், கிளிட்ச் என்பார்கள். 2017 நவம்பரில் கிராப்பில் பெரிய கிளிட்ச் ஒன்று வந்தது. பழகுவதற்கு அப்படிப்பட்ட மாதங்களைத் தொடாதீர்கள்.

4. கோப்பின் தலைப்பைப் படித்துவிட்டுத்தான் எண்களைத் தொட வேண்டும்

நேர நெடுவரிசையில் இருக்கும் எண் தனியாக எதையும் சொல்லாது. எந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து எத்தனை நொடி என்பது தலைப்பில்தான் இருக்கிறது. எக்ஸ்எம்எம்மில் அந்தப் புள்ளி, எம்ஜேடி என்ற வானியல் நாள் எண்ணில் 50814, அதாவது 1998 ஜனவரி 1, புவி நேரத்தில். அங்கே முழு எண் என்பதால் தொல்லை இல்லை. நைசர் என்ற இன்னொரு எக்ஸ் கதிர்க் கருவியின் கோப்பைத் திறந்தால் 56658 என்ற முழு எண்ணோடு 0.000777592592 என்று ஒரு பின்னம் தனிச் சொல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும். பொடி எண்தானே என்று விட்டுவிட்டால் 67.184 நொடி காணாமல் போகும்.

அடுத்து, குறிக்கப்பட்ட நேரம் ஃபிரேமின் தொடக்கமா, நடுவா, முடிவா? தலைப்பில் இதற்கென்று ஒரு சொல் உண்டு, மதிப்பு 0, 0.5 அல்லது 1. சிறு ஜன்னல் மோடில் இதைக் கவனிக்காவிட்டால் அரை ஃபிரேம், அதாவது 2.85 மில்லிநொடி, அப்படியே உங்கள் விடையில் உட்கார்ந்துகொள்ளும். பர்ஸ்ட் மோடில் இது தெரியவே தெரியாது, அதனால்தான் ஒரு மோடில் ஓடிய நிரலை இன்னொரு மோடுக்கு நகலெடுக்கும்போது இந்தப் பிழை நுழைகிறது.

இன்னொன்று எண்ணைச் சேமிக்கும் விதம். எம்ஜேடியை இரட்டைத் துல்லியத்தில் வைத்தால் கணினி காட்டக்கூடிய மிகச் சிறிய படி 0.6 மைக்ரோநொடி. அதே நேரத்தை முழு ஜூலியன் நாளாக, 24 லட்சத்துக்கு மேலான எண்ணாக, மாற்றி வைத்தால் படி 40 மைக்ரோநொடி ஆகிவிடும். 48 மைக்ரோநொடியைச் சோதிக்க வந்த இடத்தில் 40 மைக்ரோநொடிப் படிக்கட்டில் நிற்பீர்கள். நாளாக மாற்றவே மாற்றாதீர்கள், தொடக்கப் புள்ளியிலிருந்து நொடியாகவே கடைசி வரை வைத்திருங்கள்.

5. வடிகட்டல்

எக்ஸ்எம்எம்மின் சாஸ் மென்பொருளில் வழக்கமான செயலாக்கம்தான், நீட்டி எழுத வேண்டியதில்லை. மூன்று இடத்தில் மட்டும் நின்று பாருங்கள்.

ஒன்று, பர்ஸ்ட், டைமிங் இரண்டு மோடிலும் மின்னூட்டம் வரிசை வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும்போதுதான் ஃபோட்டான் விழுகிறது. அது எப்போது விழுந்தது என்பதை, பல்சாரின் பிம்பம் சில்லில் எந்த வரிசையில் இருக்கிறது என்று வைத்துத்தான் மென்பொருள் பின்னோக்கிக் கணிக்கிறது. விண்கலம் கொஞ்சம் தள்ளிப் பார்த்திருந்தால் அந்த வரிசையும் மாறும், நேரமும் மாறும். மென்பொருள் தானாக வைத்துக்கொள்ளும் இடம் உங்கள் தரவுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இரண்டு, நேரத் தாவல். பிஎன் தரவில் சில சமயம் நேரம் திடீரென்று தாவிவிடும். மென்பொருள் பெரும்பாலானவற்றைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும், ஆனாலும் ஓட்டப் பதிவில் (லாக்) அந்த எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று, ஆற்றல் வரம்பு. துடிப்பின் வடிவம் ஆற்றலோடு மாறும், ஆகவே ஒரு வரம்பைத் தீர்மானித்து எல்லாத் தரவுக்கும் அதையே வையுங்கள்.

6. நிறைமையத் திருத்தம்

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் துடிப்பு நம்மை வந்தடையும் நேரம் வருடத்தில் 499 நொடி முன்னும் பின்னும் ஆடும். அதை நீக்க, ஒவ்வொரு ஃபோட்டானும் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு வந்திருந்தால் என்ன நேரம் என்று மாற்றி எழுதுகிறோம். இதற்கான நிரல் சாஸில் பேரிசென், நாசாவின் ஹீசாஃப்ட் மென்பொருளில் பேரிகார்.

தொடங்கும் முன் கோப்பை நகலெடுத்து வையுங்கள். நேர நெடுவரிசையின் மேலேயே புதிய நேரத்தை எழுதிவிடும் நிரல்கள் உண்டு. நேற்று ஓட்டியதை மறந்து இன்று மறுபடி ஓட்டினால் திருத்தம் இரண்டு தடவை சேரும், துடிப்பு முழுசாகக் கரைந்துபோகும். ஏற்கனவே ஓட்டியாகிவிட்டதா என்று தலைப்பே சொல்லும்: நேர முறை புவி நேரத்திலிருந்து நிறைமைய நேரமான டிடிபிக்கு மாறியிருக்கும், இடக் குறிப்பு சூரியக் குடும்பம் என்று இருக்கும்.

பல்சாரின் இடம் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒருமுறை கிராப்பின் வல ஏற்றம் (வானில் கிழக்கு மேற்காக இடத்தைச் சொல்லும் எண்) 5 மணி 34 நிமிடம் 31.97 நொடி என்பதை நிரலில் 32 என்று முழுசாக்கிப் போட்டுவிட்டேன். 0.03 நொடிதானே. கோணத்தில் அது 0.4 ஆர்க்நொடி (ஒரு டிகிரியில் 3600இல் 1 பங்கு ஒரு ஆர்க்நொடி). கிராப், வானில் சூரியன் நகரும் பாதையான சூரிய வீதிக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் ஒரு ஆர்க்நொடி பிசகு 2.4 மில்லிநொடி வரை போகும், ஆக எனக்கு வந்தது 1 மில்லிநொடி. அதைவிட மோசம் என்னவென்றால் மார்ச் தரவில் ஒரு பக்கமும் செப்டம்பர் தரவில் எதிர்ப் பக்கமும் தள்ளியது. சூரியனுக்குச் செங்குத்தான திசைப் பக்கமே திரும்ப முடியும் என்பதால் எக்ஸ்எம்எம் கிராப்பைப் பார்ப்பது அந்த இரண்டு பருவத்தில்தான், சரியாக அந்த இரண்டிலும்தான் இந்தப் பிழை எதிரெதிர்க் குறியோடு உச்சத்தில் இருக்கும். இரண்டு வாரம் விண்கலக் கடிகாரத்தில் பருவ மாற்றம் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்காக, இருப்பதிலேயே புதிய, மிகத் துல்லியமான இடத்தைத் தேடிப் போடவும் கூடாது. அட்டவணை எந்த இடத்தை வைத்துச் செய்யப்பட்டதோ அதே இடம், எந்தக் கோள் கணக்கோ அதே கணக்கு. அவர்கள் வைத்த இடத்தில் சின்னப் பிசகு இருந்தாலும் அது அவர்களுடைய அதிர்வெண்ணிலும் வருகை நேரத்திலும் ஏற்கனவே கலந்துவிட்டது. நீங்களும் அதையே போட்டால் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். நீங்கள் மட்டும் திருத்திக்கொண்டால் வித்தியாசம் முழுவதும் உங்கள் தலையில் விழும்.

விண்கலம் பூமியிலிருந்து எங்கே இருந்தது என்பதும் சேர வேண்டும். தாழ்ந்த பாதையில் சுற்றும் விண்கலத்துக்கு இது 23 மில்லிநொடி வரை. எக்ஸ்எம்எம் பூமியிலிருந்து 1 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போய் வருவதால் 0.38 நொடி வரை. பாதைக் கோப்பு கிடைக்காவிட்டால் சில நிரல்கள் சத்தமில்லாமல் பூமியின் மையத்தையே எடுத்துக்கொண்டு ஓடி முடித்துவிடும். பதிவைக் கடைசி வரி வரை படியுங்கள்.

7. அட்டவணையைச் சரியாகப் படிப்பது

ஜோட்ரெல் பேங்க் அட்டவணையில் மாதத்தின் 15ஆம் தேதிக்கு ஒரு வரி. அதில் அதிர்வெண், அது குறையும் வேகம், அப்புறம் அன்றைய நள்ளிரவுக்குப் பின் முதல் துடிப்பு நிறைமையத்துக்கு வந்த நேரம் நொடியில். இந்தக் கடைசி எண் எப்போதும் 0.0338ஐவிடச் சின்னதாக இருக்கும், அதனாலேயே அதை ஏதோ பிழை அளவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விட்டால் நள்ளிரவே கட்டம் (ஒரு சுற்றில் எந்த இடம் என்பது, 0 முதல் 1 வரை) பூஜ்யம் என்று ஆகிவிடும், மாதத்துக்கு ஒரு வித்தியாசமான விலக்கம் வரும், எந்த ஒழுங்கும் இல்லாமல். அந்த நேரத்தை நள்ளிரவோடு கூட்டியதுதான் உங்கள் பூஜ்யப் புள்ளி.

அதிர்வெண் குறையும் வேகம் நொடிக்குச் சுமார் 3.7 × 10⁻¹⁰ ஹெர்ட்ஸ். கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். 15 நாள் தள்ளியுள்ள தரவுக்கு இதை விட்டால் 300 சுற்றுக்கு மேல் பிசகும். வெறும் 10,000 நொடித் தரவுக்குள் கூட 0.6 மில்லிநொடி பிசகும். அந்த வேகமே மாறும் வீதம் 10⁻²⁰ அளவு, அதையும் சேர்க்க வேண்டும், 15 நாளில் அதன் பங்கு 120 மைக்ரோநொடி. முந்தின மாத, அடுத்த மாத வரிகளை எடுக்கச் சொன்னது இதற்குத்தான்: உங்கள் தரவு நாளின் கட்டத்தை இரண்டு பக்க வரிகளிலிருந்தும் கணித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும் அளவுதான் ரேடியோ பக்கத்தை நீங்கள் நம்பக்கூடிய அளவு. 200 மைக்ரோநொடி வித்தியாசம் வந்தால் அந்த மாதம் பல்சார் அமைதியாக இல்லை.

ரேடியோ பக்கம் இன்னொரு பிழையும் இருக்கிறது. விண்மீன்களுக்கு இடையே இருக்கும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலையைத் தாமதப்படுத்தும். இந்தத் தாமதத்தைத் தீர்மானிக்கும் எண்ணான சிதறல் அளவு கிராப்புக்குச் சுமார் 56.8, அதை வைத்து 610 மெகாஹெர்ட்ஸில் கணக்கிட்டால் தாமதம் 0.63 நொடி. சிதறல் அளவில் 0.01 தப்பு இருந்தால் 110 மைக்ரோநொடி போய்விடும். எக்ஸ் கதிருக்கு இந்தத் தாமதமே கிடையாது என்பதால் தப்பு முழுவதும் கேமராவின் தப்பு போலத் தெரியும்.

ரேடியோ நிலையத்தின் கருவிக்கும் தனித் தாமதம் உண்டு. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தில் உள்ள சிஇசட்டிஐ கேமராவைக் கிராப் வைத்துச் சரிபார்த்தபோது, ஊட்டி ரேடியோ தொலைநோக்கி கிட்டத்தட்ட தினமும் கிராப்பைப் பார்த்தது, புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் சேர்ந்துகொண்டது. 2018இல் வெளியான விடையில் ஜிஎம்ஆர்டியோடு ஒப்பிட்டால் விலக்கம் −4716 மைக்ரோநொடி, ஊட்டியோடு ஒப்பிட்டால் −29,639 மைக்ரோநொடி, இரண்டுக்கும் பிழை வரம்பு 50. கேமரா ஒன்றுதான், ஒப்பிட்ட நிலையம் மாறியதும் எண் மாறிவிட்டது. யாரோடு ஒப்பிட்டது என்று சொல்லாமல் விலக்கத்தை எழுதினால் அதை யாராலும் பயன்படுத்த முடியாது.

8. முதலில் வேகம்: சார்புத் துல்லியம்

முழுத் துல்லியத்துக்கு முன்னால் இதைச் செய்கிறோம், ஏனென்றால் வேகம் தப்பாக இருந்தால் முகடு தேய்ந்து பரவிவிடும், அப்புறம் அதன் இடத்தை அளப்பதில் அர்த்தம் இல்லை.

எதிர்பார்க்கும் அதிர்வெண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னப் படியாக அதிர்வெண்ணை மாற்றி, ஒவ்வொன்றிலும் தரவை மடித்து (எல்லாச் சுற்றுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டி), எங்கே துடிப்பு மிகக் கூர்மையாக வருகிறது என்று பாருங்கள். ஸ்டிங்ரே என்ற பைத்தான் நூலகத்தில் இதற்கு வசதி இருக்கிறது. படியின் அளவு, தரவின் மொத்த நீளத்தின் தலைகீழைவிட நன்றாகச் சின்னதாக இருக்க வேண்டும். குறையும் வேகத்தை மாற்றாமல் அட்டவணையிலிருந்தே வையுங்கள்.

கிடைத்த அதிர்வெண்ணை அட்டவணையோடு ஒப்பிடும்போது இரண்டும் ஒரே கணத்துக்கானவையா என்று பாருங்கள். உங்கள் நிரல் தரவின் தொடக்கத்துக்கு அதிர்வெண் தருகிறது, நீங்கள் அட்டவணையிலிருந்து நடுப்புள்ளிக்குக் கணித்தீர்கள், இடைவெளி 15,000 நொடி என்று வையுங்கள். அந்த ஒரு கவனக்குறைவு மட்டுமே 10 கோடியில் 19 பங்கு. விண்கலத்தின் உண்மையான எல்லையைவிட 19 மடங்கு.

பிழை வரம்பைச் சூத்திரத்தில் தேடாதீர்கள். அதே துடிப்பு வடிவம், அதே ஃபோட்டான் எண்ணிக்கை, அதே இடைவெளிகளோடு போலித் தரவு 100 தடவை செய்து, ஒவ்வொன்றிலும் அதிர்வெண்ணைத் தேடி, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பதுதான் நேர்மையான வழி. பர்ஸ்ட் மோடில் இருப்பது போன்ற அறுந்த தரவுக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

9. பிறகு மணி: முழுத் துல்லியம்

இப்போது அட்டவணையின் அதிர்வெண்ணிலேயே மடியுங்கள், தேடிக் கிடைத்ததில் மடிக்காதீர்கள். ரேடியோவின் முதல் முகடு கட்டம் பூஜ்யத்தில் இருக்கும். எக்ஸ் கதிர் முகடு எங்கே வருகிறது?

பூஜ்யத்தில் வராது, வரவும் கூடாது. கிராப்பின் எக்ஸ் கதிர்த் துடிப்பு ரேடியோவுக்கு முன்னால் வருகிறது. ஆர்எக்ஸ்டிஇ விண்கலம் அளந்தது 344, இன்டெக்ரல் விண்கலம் அளந்தது 280, இரண்டுக்கும் பிழை வரம்பு 40 மைக்ரோநொடி. ஆக நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய கட்டம் 0.991 வாக்கில். சரியாகப் பூஜ்யத்தில் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால், எங்கோ 300 மைக்ரோநொடி தாமதத்தைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

256 பெட்டியாக மடித்தால் ஒரு பெட்டி 132 மைக்ரோநொடி. உயரமான பெட்டியைப் பார்த்து இடம் சொல்வது போதாது, வளைவு பொருத்தித்தான் ஆக வேண்டும். முகடு சமச்சீராக இல்லை, ஏற்றமும் இறக்கமும் வேறு வேறு சாய்வு, அதனால் பொருத்தும் அகலத்தை மாற்றினால் இடமும் நகரும். உச்சியைச் சுற்றிக் குறுகலான ஒரு வரம்பு எடுத்து, அதை எல்லாத் தரவுக்கும் மாறாமல் வையுங்கள். இன்னும் நல்லது, நீண்ட தரவிலிருந்து ஒரு மாதிரி வடிவம் செய்து அதை நகர்த்திப் பொருத்துவது.

முதல் முகடு எது என்றும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டாவது முகடு 0.4 கட்டம், அதாவது 13.5 மில்லிநொடி தள்ளி வரும். மென்மையான எக்ஸ் கதிரில் முதல் முகடு உயரம். ஆற்றல் கூடக் கூட இரண்டாவது உயர்ந்து முதலாவதைத் தாண்டிவிடும். சிஇசட்டிஐ போன்ற கடின எக்ஸ் கதிர்க் கேமராவில் "உயரமானதை எடு" என்று எழுதிய நிரல் தப்பான முகட்டில் போய் நிற்கும்.

10. மீதத்தின் அளவும் வடிவமும் காரணத்தைச் சொல்லும்

ஒரே ஒரு தரவை வைத்து முடிவு சொல்லாதீர்கள். குறைந்தது சில வருடத்துக்கு, மார்ச்சும் செப்டம்பரும் கலந்து, ஒவ்வொன்றிலும் எதிர்பார்த்த இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி வந்தது என்று வரைபடம் போடுங்கள். இந்த வரைபடம்தான் உண்மையான விடை, மற்ற எல்லாம் இதற்கான தயாரிப்பு.

மார்ச் மேலே, செப்டம்பர் கீழே என்று மாறி மாறி வந்தால் பல்சாரின் இடமோ கோள் கணக்கோ பொருந்தவில்லை. ஒரே தரவுக்குள் விண்கலத்தின் சுற்றுக் காலத்தோடு சேர்ந்து ஆடினால் பாதைக் கோப்பு. எல்லாவற்றிலும் ஒரே 13.5 மில்லிநொடி என்றால் முகடு மாறிவிட்டது. எல்லாவற்றிலும் ஒரே அரை ஃபிரேம் என்றால் தலைப்பு. மாதத்துக்கு ஒரு மாதிரி சிதறினால் அட்டவணையின் வருகை நேரத்தை விட்டுவிட்டீர்கள்.

ஒரே தரவுக்குள் மெதுவாகச் சரிந்தால் கடிகாரத்தின் வேகம். 10 கோடியில் 1 பங்கு வேகப் பிசகு ஒரு நாளில் 0.86 மில்லிநொடி ஆகும், ஒளிந்துகொள்ள முடியாது. இது உண்மையிலேயே விண்கலத்தின் குணமாக இருக்கலாம். நூஸ்டார் என்ற எக்ஸ் கதிர் விண்கலத்தில் கடிகாரம் வெப்பநிலையோடு மாறியதால் ஆரம்பத்தில் சில மில்லிநொடி பிசகியது, வெப்பநிலையை வைத்துத் திருத்தும் முறை 2021இல் வெளியான பிறகு 65 மைக்ரோநொடி அளவுக்கு வந்தது.

கடைசியாக, மிகக் குறைவானவர்களே கவனிக்கும் ஒன்று. மடிப்பு உங்களுக்குக் காட்டுவது பிழையை முழுசாக அல்ல, 33.8 மில்லிநொடியால் வகுத்த மீதியை மட்டும். உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்பட்ட லீப் நொடி ஒன்றை விட்டு 1 நொடி தப்பாக இருந்தால் 29 சுற்று மறைந்துபோய் மிச்சம் சுமார் 0.6 சுற்று மட்டும் தெரியும். பார்ப்பதற்கு ஏதோ ஒரு சின்ன விலக்கம். இதைப் பிடிக்கும் வழி பல்சாரே தருகிறது: அதன் அதிர்வெண் வருடத்துக்கு 0.012 ஹெர்ட்ஸ் குறைவதால், மாறாத 1 நொடிப் பிழை உங்கள் வரைபடத்தில் வருடத்துக்கு 0.4 மில்லிநொடி நகரும் சரிவாகத் தெரியும். விலக்கம் மாறாமல் இருக்கும் என்று நினைத்த இடத்தில் இந்த அளவில் நேர்க்கோட்டுச் சரிவு வந்தால், முதலில் முழு நொடிகளை எண்ணுங்கள். வேறு காலம் கொண்ட இன்னொரு பல்சாரை மடித்துப் பார்த்தாலும் மாட்டிக்கொள்ளும், ஒரே பிழை இரண்டு பல்சாரிலும் வேறு வேறு மீதியைத் தரும்.

ரேடியோ பக்கம் சந்தேகம் தீரவில்லையென்றால் அதே நாளில் நைசர் கிராப்பைப் பார்த்திருக்கிறதா என்று தேடுங்கள். 2017இலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் அது ஜிபிஎஸ் நேரத்தைப் பயன்படுத்துகிறது, அதன் நேரம் ஒரு மைக்ரோநொடியைவிட நன்றாக இருக்கும். எக்ஸ் கதிரோடு எக்ஸ் கதிரை ஒப்பிடும்போது சிதறல் அளவும் 300 மைக்ரோநொடி முன்வருகையும் கணக்கிலிருந்தே விலகிவிடுகின்றன. ஆற்றல் வரம்பை மட்டும் இரண்டுக்கும் ஒன்றாக வையுங்கள்.

11. குறித்து வைக்க வேண்டியவை

ஒவ்வொரு தரவுக்கும்: மோடு, ஆற்றல் வரம்பு, மென்பொருள் பதிப்பு, பாதைக் கோப்பின் வகை, கோள் கணக்கு, பல்சாரின் இடம் கடைசி இலக்கம் வரை, அட்டவணையின் எந்த மாத வரி, பூஜ்யப் புள்ளி, பொருத்திய அகலம், கிடைத்த அதிர்வெண், முகட்டின் கட்டம், பிழை வரம்பு. ரேடியோவின் பிழையைத் தனியாக எழுதுங்கள், எக்ஸ் கதிரின் பிழையோடு கலக்காதீர்கள், ஏனென்றால் சில வருடம் கழித்து மேம்பட்ட அட்டவணை வந்தால் ரேடியோ பக்கத்தை மட்டும் மாற்றிப் பழைய அளவுகளை அப்படியே மறுபடி பயன்படுத்தலாம். மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழைய தரவு ஒன்றை முதல் படியிலிருந்து மறுபடி ஓட்டி, அதே கட்டம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதிய தரவைத் தொடுங்கள்.